பெயர் போன நண்டு

மார்ச் 3

பெறுநர்: பொறுப்பாளர், ஸ்பிரிட் மாதிரிகள் பிரிவு, அருங்காட்சியகம்

பொருள்: மூலமாதிரி ஒன்றைக் கடனாகக் கோருதல், தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

எங்கள் கடலோர ஆய்வு நிலையம் பட்டாணி நண்டுகளை மறுவகைப்பாடு செய்து நூலாக வெளியிட இருக்கிறது. பட்டாணி நண்டுகள் என்பவை சிப்பிகளுக்குள் குடியிருக்கும், பட்டாணி அளவே உள்ள நண்டுகள். நூலுக்கான இனங்களில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் பார்த்து முடித்தாயிற்று. மீதமுள்ள அந்த ஒன்றின் மூலமாதிரி, அதாவது பெயர் சூட்டும்போது "இதுவே அது" என்று எடுத்துவைக்கப்பட்ட ஒற்றை நண்டு, தங்கள் பிரிவில் ஸ்பிரிட் ஜாடியில் உள்ளது.

அதற்குப் பெயர் சூட்டியவர் தங்கள் அருங்காட்சியகத்திலேயே பணியாற்றி மறைந்த ஆய்வாளர். தாங்கள் அவரை அறிந்திருக்கக்கூடும். யாருடைய பெயரைச் சூட்டினார் என்பதையும் அறிந்திருக்கக்கூடும்.

தங்களைத் தொலைபேசியில் பலமுறை அழைத்தும் பதில் இல்லாததால், விதிப்படி கையொப்பமிட்ட இக்கடிதத்தை அனுப்புகிறேன். தாங்கள் மனமுவந்து மாதிரியை அனுப்பி உதவுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வாளர் (ஒப்பந்தம்), நண்டுகள் பிரிவு


மார்ச் 14

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. இந்த அருங்காட்சியகத்தின் மூலமாதிரிகள் கட்டடத்தை விட்டு வெளியே அனுப்பப்படுவதில்லை. நேரில் வந்து பார்ப்பதற்கும் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லை.

பட்டாணி நண்டு என்றால் என்ன என்று எனக்கு விளக்கியதற்கு நன்றி. இருபத்தெட்டு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன், இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

தங்கள் கடிதத்தில் மூன்று எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. சிறு வயதில் சொல்லிக்கொடுத்தவர் இரண்டு அடி கூடப் போட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்

பி.கு.: உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.


மார்ச் 25

அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது. கேட்காததற்கு நன்றி.

இந்த ஐயா, அம்மையீர் எல்லாம் நம் இரண்டு பேருக்கும் வராது. விட்டுவிடலாம். நேராகவே சொல்கிறேன். கோபம் வந்தாலும் கடைசி வரி வரை படி.

இங்கே படகுத்துறைத் தூண்களில் சிப்பி அப்பிக் கிடக்கிறது. போன குளிர்காலத்தில் சிலவற்றைத் திறந்தேன். ஒன்றுக்குள் பட்டாணி நண்டு, பெண். ஓடு நனைந்த காகிதம் மாதிரி மெத்தென்று, உருண்டையாக, உள்ளே இருக்கும் முட்டை வெளியே தெரிகிற மாதிரி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அத்தான் விவரித்த நண்டு, உன் நண்டு. இவ்வளவு தூரத்தில் அதைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் ஒவ்வொருவரிடமும் கண்ணாடித் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இது எங்க அக்கா பேரு" என்றேன். சமையல்காரர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா ரொம்பச் சின்னவங்களா?" என்று கேட்டார்.

சில வாரம் கழித்து அதே துறையில் வலை இழுத்தேன். கெட்டி ஓடும், கால் முழுக்க ரோமமுமாக ஒரு குட்டி ஆண் நண்டு நீந்திக்கொண்டு வந்து மாட்டியது. அது வேறு இனம். நூறு வருடத்துக்கு முன்பே ஒரு கப்பல் மருத்துவர் பெயர் வைத்துவிட்டுப் போன இனம். எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. வழக்கம்போல இரண்டிலும் கொஞ்சம் சதை எடுத்து மரபணு பார்த்தேன். இரண்டும் ஒன்று என்று வந்தது. எங்கேயோ கலந்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பச் செய்தேன். வேறு படகுத்துறையிலிருந்து எடுத்துவந்தும் செய்தேன். ஒன்றுதான் அக்கா. அது புருஷன், இது பெண்டாட்டி. ஒருத்தர் சிப்பிக்குள்ளேயே ஆயுசைக் கழிக்க, இன்னொருத்தர் வெளியே சுற்ற, உருவமே மாறிப்போய், பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.

விதி உனக்குத் தெரியும். முன்னால் வைத்த பெயர் நிற்கும், பின்னால் வைத்தது விழும்.

ஆனால் நான் பார்த்தது இங்கே கிடைத்த பெண்ணை. அத்தான் பார்த்தது அங்கே கிடைத்ததை. இரண்டும் ஒன்றுதானா என்று அவர் எடுத்துவைத்ததைப் பார்க்காமல் சொல்லக்கூடாது. அதனால்தான் கேட்கிறேன். அது வேறாகவும் இருக்கலாம். இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 10

கடைசி வரி வரை படிக்கச் சொன்னாய், படித்தேன். இப்போது நீ படி.

அவர் போன அன்று நீ கடலில் இருந்தாய். கப்பலைத் திருப்ப முடியாது, அதை நான் குற்றம் சொல்லவில்லை. கரை ஏறி ஒரு மாதம் கழித்து வந்தாய். பையைக் கதவோரம் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாய். அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேச வந்திருக்கிறாய், மெல்ல வரட்டும் என்று இருந்தேன். மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் வாயைத் திறந்தாய்.

"அக்கா, அந்த டைப் நண்டுல இருந்து ஒரு கால் வெட்டிக்கட்டுமா?"

அவருடைய கண்ணாடி அப்போதும் மேஜை மேல்தான் இருந்தது. நீ என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. "வெளியே போடா" என்று சொன்னேன். சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. நீ ஒரு தடவையாவது "போக மாட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். உடனே பையை எடுத்துக்கொண்டு போனாய். நண்டு கொழுத்தால் வளையில் இருக்காது என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது அந்த நண்டு எனக்கு என்ன என்பதைச் சொல்கிறேன். உனக்கும் சொன்னதில்லை, யாருக்கும் சொன்னதில்லை.

உன் அத்தான் எனக்கு ஒரு பூ வாங்கிக் கொடுத்தவர் இல்லை. "நல்லா இருக்கே" என்று ஒரு நாள் சொன்னவர் இல்லை. கடையில் புடவை கட்டிக் காட்டினால் விலைச்சீட்டைப் படிப்பார். கல்யாணமாகிச் சில வருடம் கழித்து ஒரு மத்தியானம் என் மைக்ராஸ்கோப் பக்கத்தில் அச்சான கட்டுரை ஒன்றை வைத்தார். "நாப்பதாம் பக்கம் பாரு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பார்த்தால் என் பெயர், லத்தீனில் வால் ஒட்டி. எதற்காக இந்தப் பெயர் என்று சொல்கிற இடத்தில் "என் மனைவிக்கு" என்று போடவில்லை. "மணல்துள்ளிகள் பற்றி நாம் அறிந்தவற்றில் பாதியை அறியச் செய்தவருக்கு" என்று என் ஆராய்ச்சியைச் சொல்லிப் போட்டிருந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் கை கழுவப் போனவர் வெகு நேரம் வரவில்லை. கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. தேவைப்படவில்லை.

வயிற்றில் வந்தது எதுவும் எங்களுக்குத் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். என் பெயரை வைத்துக்கொள்ள உலகத்தில் அந்த ஒரு நண்டுதான் இருக்கிறது. அதன் காலைத்தான் நீ கேட்டாய்.

இன்னொன்று. அது முதலில் ஃபார்மலினில் கிடந்தது. அதிலிருந்து மரபணு வராது. கல்லூரி முதல் வருடப் பையனுக்குத் தெரிவது உனக்குத் தெரியாதா? தெரிந்தும் எதற்காகக் கேட்டாய்?

மாதிரி வராது. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் என்று நீயே சொன்னாய் அல்லவா.

அந்தக் காலை ஏன் கேட்டேன் என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.

கால் வேண்டாம். ஜாடி வேண்டாம். நீயே பார்த்துச் சொல். மூன்றாவது தாடைக்கால், வாய்க்கு வெளியே இரட்டைக் கதவு மாதிரி சாத்தியிருக்குமே, அதுதான். அதன் கடைசிக் கணு எங்கே ஒட்டியிருக்கிறது, அடியிலா நடுவிலா? நுனி வரைக்கும் நீளுகிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா? ஆணுக்கும் பெண்ணுக்கும் உடம்பு எப்படி மாறினாலும் இந்தக் கதவு மாறாது. அத்தான் வரைந்த படத்தில் அந்த இடம் மங்கல். அந்தக் காலத்து லென்ஸ்.

இங்கே கிடைத்ததன் கதவை நான் வரைந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார். நீ வேறு என்று சொன்னால் வேறு. ஒரு கேள்வி கேட்க மாட்டேன். உன் கண்ணை விட நல்ல கண் எனக்குத் தெரிந்து இல்லை.

தம்பி


மே 30

அக்கா,

பதில் வரவில்லை. பரவாயில்லை. இது பதில் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை.

மாணவர்கள் எல்லோரும் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். இந்த நீளமான கொட்டகையில் நானும் கடல்தண்ணீர்க் குழாய்களும்தான். ஒரு குழாய் சொட்டுகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது, அதை மூடச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். யாரும் வரவில்லை. இப்போது அது சொட்டுவது நின்றால் என்னவோ போல இருக்கிறது, எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

சமையல்காரர் மட்டும் வாரத்தில் சில நாள் வருகிறார். நேற்று அவரோடு ஒரு தகராறு. இறாலும் நண்டும் ஒரே குடும்பம் என்றேன், ஒப்புக்கொண்டார். படகின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, சுரண்டினாலும் வராமல் இருக்கிற கொட்டலசும் அதே வம்சம் என்றேன். "போங்க சார், அது சுண்ணாம்பு" என்றார். பெரிய பெரிய ஆட்களே ஒரு காலத்தில் அதை நத்தையோடு சேர்த்து வைத்திருந்தார்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குஞ்சாக இருக்கும்போது அது நீந்தும், இறால் குஞ்சு மாதிரியே காலை உதைத்துக்கொண்டு போகும், அப்புறம் ஓர் இடம் பார்த்துத் தலையை ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடும் என்றேன். குஞ்சை லென்ஸில் காட்டியும் விட்டேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "தலைகீழா ஒட்டிக்கிட்டு ஆயுசு பூரா என்ன பண்ணும்?" என்று கேட்டார். காலை நீட்டி நீட்டித் தண்ணீரைத் துழாவிச் சாப்பிடும் என்றேன். "நம்மள மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

உன் மணல்துள்ளிகள் இங்கே கரை முழுக்க இருக்கின்றன. கடற்பாசியைத் தூக்கினால் நூறு துள்ளுகின்றன. ஒன்றைக்கூட என்னால் இனம் சொல்ல முடியவில்லை. பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கிறேன், உனக்காக.

தம்பி


ஜூன் 28

அக்கா,

மழை விடாமல் பெய்கிறது. வலை இழுக்க முடியவில்லை. பழைய பாட்டில்களைத் திறந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஒரு லார்வா கிடைத்தது. புள்ளி அளவு, முதுகில் கோடு கோடாகக் கவசம், அழகாக இருக்கிறது. இதை நூறு வருடத்துக்கு மேலாகப் பார்க்கிறார்கள். எல்லாக் கடலிலும் இருக்கிறது. வளர்ந்தால் என்ன ஆகும் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கொட்டலசுக்கு உறவு என்று வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அத்தானுக்கு இதைக் காட்டியிருந்தால் ஒரு மணி நேரம் குனிந்தவர் நிமிர்ந்திருக்க மாட்டார். நானும் குனிந்திருந்தேன். நிமிர்ந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

நிலையத் தலைவர் கூப்பிட்டுப் பேசினார். நூல் வருடக் கடைசிக்குள் அச்சாக வேண்டுமாம். அது வந்தால் என் ஒப்பந்தத்தை நீட்டுவது பற்றிப் பேசலாம் என்றார். ஓர் இனத்துக்காகக் காத்திருக்கிறேன் என்றேன். "ஒரு பட்டாணிக்காகவா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

நீ நன்றாக இருக்கிறாயா? கீழ்த்தளத்தில் அந்தக் காற்றாடியை மாற்றினார்களா? ஸ்பிரிட் வாடையில் உனக்குத் தலைவலி வருமே.

தம்பி


ஜூலை 20

அக்கா,

உன் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று மூன்று மாதமாக யோசித்து, எனக்குத் தெரிந்த ஒரு முடிவுக்கு வந்தேன்.

உன் நண்டை நூலில் அப்படியே விட்டுவிடப் போகிறேன். தனி இனமாக, அத்தான் வைத்த பெயரிலேயே. "மூலமாதிரி பார்வைக்குக் கிடைக்கவில்லை, ஆகவே நிலை மாற்றப்படவில்லை" என்று ஒரே வரி. அதில் பொய் ஒன்றும் இல்லை. கிடைக்கவில்லை என்பது உண்மைதான். இங்கே எடுத்த மரபணு முடிவை வெளியிடாமல் வைத்துக்கொள்கிறேன். நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும். என் கையால் வேண்டாம்.

மாதக் கடைசியில் அச்சுக்கு அனுப்புகிறேன். உனக்கு நான் கொடுக்க முடிவது இதுதான். இதையாவது வாங்கிக்கொள்.

தம்பி


ஜூலை 26

டேய்,

உனக்குப் புத்தி பிசகிவிட்டதா?

எதையும் அச்சுக்கு அனுப்பாதே. இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன். அதற்குள் அனுப்பியிருந்தால் திரும்ப வாங்கு. எப்படி வாங்குவாயோ எனக்குத் தெரியாது.

அது உண்மைதான் என்று எனக்கே சொல்கிறாயா? மரபணுவை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொண்டு, "பார்வைக்குக் கிடைக்கவில்லை" என்று எழுதினால் அதற்குப் பெயர் உண்மையா? நாளைக்கு ஒரு சின்னப் பெண் உன் நூலை நம்பி இரண்டு நண்டையும் இரண்டாகவே எண்ணிக்கொண்டு பத்து வருடத்தைப் பாழாக்குவாள். அக்காவுக்கு அன்பளிப்பு என்று அவளிடம் போய்ச் சொல்வாயா? உன் அத்தான் இருந்திருந்தால் உன்னை அடித்திருக்க மாட்டார், திட்டியிருக்க மாட்டார். எழுந்துபோய்க் கை கழுவியிருப்பார். அது எவ்வளவு மோசம் என்று உனக்குத் தெரியும்.

நான் பார்த்துவிட்டேன்.

உன் படம் வந்த அன்றைக்கே பார்த்துவிட்டேன். எல்லோரும் கிளம்பும் வரை காத்திருந்து, ஜாடியை இறக்கி, தட்டில் வைத்து, அந்த வாய்க்கதவைத் திறந்தேன். உன் அத்தான் அதைப் பிரித்ததே இல்லை. ஒற்றை மாதிரி, உடைந்துவிடும் என்று பயந்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தே வரைந்திருக்கிறார். அதனால்தான் மங்கல், லென்ஸின் குற்றம் இல்லை. நான் ஊசி நுனியால் பிரித்தேன், உடையவில்லை. கடைசிக் கணு நடுவில் ஒட்டியிருக்கிறது. நுனியைத் தொடவில்லை, பாதியில் நிற்கிறது. உன் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைக்கக்கூடத் தேவைப்படவில்லை. அச்சு அசல்.

நீ சொன்னதுதான் சரி. அது அந்தக் கப்பல் மருத்துவர் பெயர் வைத்த நண்டின் பெண்டாட்டி.

மூன்று மாதமாக உனக்கு எழுதாமல் இருந்ததற்கு வேறு காரணம் இல்லை. யாருக்கும் சொல்லாத வரை அது என் நண்டு. தினமும் காலையில் கீழே இறங்கி அந்த ஜாடியைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். இன்றைக்கும் இருக்கிறது, நாளைக்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு நாளாக ஓட்டினேன். உன் கடிதங்களைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ திரும்பிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்று பதில் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள" என்று எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை. எழுதினால் இதையும் எழுத வேண்டும்.

இப்போது கேள். உன் நூலில் அந்த இனத்துக்கு ஒரு பக்கம் விடு. அதை நான் எழுதுகிறேன். தாடைக்காலை நான் பிரித்தேன், நான் பார்த்தேன், ஆகவே நானே எழுதுவேன். உன் மரபணு முடிவை அதில் சேர். என் பெயர் முன்னால், உன் பெயர் பின்னால். அந்தப் பெயர் விழ வேண்டும் என்றால் வேறு யாரும் அதைத் தள்ள வேண்டாம். அதை இறக்கி வைக்கிற கை என் கையாக இருக்கட்டும்.

அக்கா


ஆகஸ்ட் 8

அக்கா,

அனுப்பவில்லை. அனுப்ப எடுத்துவைத்தேன், உன் கடிதம் முந்திக்கொண்டது.

அதன் பின்னாலேயே நீ எழுதிய பக்கமும் வந்தது, பல தடவை படித்தேன். ஒரு சொல் அதிகம் இல்லை, ஒரு சொல் குறைவு இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கேட்கிறேன். "முந்தைய ஆசிரியர் மூலமாதிரியின் தாடைக்காலைப் பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடலாமா? அது இல்லாமலே விஷயம் நிற்கும். அத்தானைக் குற்றம் சொல்வது போல இருக்கிறது.

தம்பி


ஆகஸ்ட் 17

எடுக்காதே. அதற்கு அடுத்த வரியைச் சேர்த்துக்கொள், முதலில் எழுத மறந்துவிட்டேன்: "அவர் காலத்தில் அந்த ஒரு மாதிரியே கிடைத்திருந்ததால், அதைச் சிதைக்காமல் காத்தது சரியான முடிவே. அவர் காத்ததால்தான் இப்போது பார்க்க முடிந்தது."

இது பாசத்தில் எழுதியது இல்லை. நடந்தது இதுதான்.

அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள தம்பி,

நூல் வந்து சேர்ந்தது. அட்டையில் படம் நன்றாக இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை. உன்னுடையது, என்னுடையது இல்லை.

விதிப்படி இன்று மாதிரியை இடம் மாற்றினேன். இத்தனை வருடம் ஜன்னல் பக்கத்து அலமாரியில், மேலிருந்து இரண்டாம் தட்டில் இருந்தது. இப்போது கப்பல் மருத்துவரின் இனம் இருக்கிற நடு அலமாரிக்குப் போய்விட்டது. வெளிச்சம் கொஞ்சம் குறைவு, அது ஸ்பிரிட்டில் கிடப்பதற்கு நல்லதுதான். கூட இருந்து ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. காலியான இடத்தைத் துணியால் துடைத்தேன். வட்டமாக ஒரு அடையாளம் விழுந்திருந்தது. அது போகவில்லை.

அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை. வேறு ஒன்று வந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பு வந்துவிட்டது, பஸ்ஸில். உன் அத்தான் ஆயுசில் ஒரு தடவைகூடத் தப்பு செய்து நான் பார்த்ததில்லை. கணக்கில் தப்பு விடமாட்டார், வழி தப்பமாட்டார், உப்புகூட அவர் போட்டால் சரியாக இருக்கும். அது எனக்கு எவ்வளவு கடுப்பாக இருக்கும் தெரியுமா? அந்த மனுஷன் வாழ்நாளில் ஒரே ஒரு தப்பு செய்திருக்கிறார், அதை என் பெயரில் செய்திருக்கிறார். வீட்டுக் கதவைத் திறக்கும்போது, "உங்க நண்டு தப்புங்க" என்று வாய் வரை வந்துவிட்டது. அவர் போனதிலிருந்து அவரை நினைத்து அழுதிருக்கிறேனே தவிர, அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இன்றைக்குத் தோன்றியது. கதவைத் திறந்தேன். விளக்கைப் போட்டேன். சொல்ல ஆள் இல்லை.

கொஞ்ச நேரம் கோட்டைக் கழற்றாமல் நடையிலேயே நின்றிருந்தேன்.

அப்போதுதான் நீ அந்தக் காலை ஏன் கேட்டாய் என்பதும் புரிந்தது. அவர் என் மேல் தனக்கு இருந்த பிரியத்தைச் சொல்ல நண்டைப் பிடித்தார். நீ அவர் போனதைச் சொல்ல நண்டைப் பிடித்தாய். உங்கள் இரண்டு பேருக்கும் வாய் என்று ஒன்று கடவுள் வைத்தது சாப்பிட மட்டும்தான். அது தெரியாமல் உன்னை வெளியே போ என்றேன். அதற்கு வருத்தமில்லை என்றும் எழுதியிருந்தேன். இப்போது இருக்கிறது.

வா. இந்தத் தடவை வேலை எதுவும் கொண்டுவராதே. அவர் தப்பு செய்த கதையை நான் சொல்கிறேன், நீ உட்கார்ந்து கேள். அதைக் கேட்டுச் சிரிக்க உன்னைத் தவிர உலகத்தில் வேறு ஆள் இல்லை.

அக்கா


அக்டோபர் 5

அக்கா,

வேலை கொண்டுவராதே என்கிறாய். அந்தக் கவலையே உனக்கு வேண்டாம். போன வாரத்தோடு அது போய்விட்டது.

நூல் வந்தால் நீட்டுவது பற்றிப் பேசலாம் என்றார்கள் அல்லவா. நூல் வந்தது, பேசினார்கள். மிக நல்ல நூல் என்றார்கள். இனி நண்டுகள் பிரிவு தேவைப்படாது என்றார்கள். தலைவர் கை குலுக்கினார். "ஒரு பட்டாணி விடாம முடிச்சிட்டீங்க" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொன்னார்.

இப்படி ஆகும் என்று எனக்கு முன்பே சந்தேகம், எழுதியிருக்கலாம். உன் பக்கம் அச்சில் வரும் வரை வேறு எதையும் நினைக்க மனம் இல்லை.

சமையல்காரர் இரண்டு பெட்டியையும் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். உன் மணல்துள்ளிகளை மட்டும் கைப்பையில் வைத்திருக்கிறேன். அதை வேலை என்று சொல்லாதே. ரயில் டிக்கெட் போவதற்கு மட்டும்தான் எடுத்தேன். எவ்வளவு நாள் இருப்பேன் என்று தெரியாது. அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் என்று வைத்துக்கொள். கிடைக்காவிட்டால் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன்.

எழுத்துப் பிழை இருந்தால் வந்ததும் திருத்து. பதில் எழுதாதே. எழுதினாலும் வாங்க நான் இங்கே இருக்க மாட்டேன்.

தம்பி